அவர் கடைசியாகச் சொன்னது

ஸஃபர் 9, ஹிஜ்ரி 1416

காலையிலிருந்து மணல் காற்று. முற்றத்தை இரண்டு தடவை பெருக்கினோம். மூன்றாவது தடவை ஹைலா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"மணலுக்கும் உளவுக்காரனுக்கும் ஓய்வே கிடையாது உம்மா. விடுங்க."

"வாயை மூடு. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு."

"திறந்து வெச்சுக் கேக்கறவங்களுக்குத்தான் சொல்றேன்."

பத்தொன்பது வயது. இந்த வாய் அவள் வாப்பாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை.

நாளை மறுநாள் சிறையில் அவரைப் பார்க்கும் நாள். எட்டு மாதத்தில் இது நாலாவது தடவை. மகன் ஸாலிஹைப் பார்க்க இன்னும் அனுமதி தரவில்லை. அதே கட்டடத்தில்தான் இருக்கிறானாம். வாப்பாவின் பிரசங்கத்தைக் கேஸட்டில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுத்தான், அது அவன் குற்றம். அவர் எங்கள் பள்ளிவாசல் இமாம். அவர் குற்றம், வெள்ளிக்கிழமை பிரசங்கத்தின் முடிவில் மன்னர் பேரைச் சொல்லிக் கேட்கும் துஆவை, அந்த வேண்டுதலை, விட்டுவிட்டார். முதல் வாரம் மறதி என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்று வாரம் விட்டார். நாலாவது வாரம் ஜீப் வந்தது.

ஜீப் வருவதற்கு முன்னால் ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மார்க்கத்தைக் காப்பாத்தறோம்னு சொல்லித்தானே அந்த நாற்காலியில உக்காந்தாங்க? காப்பாத்தலேன்னா அவங்க பேரை நான் எதுக்குச் சொல்லணும்?" அதே மூச்சில், "ஜரீஷ்ல உப்பு பத்தலை" என்றார்.

மன்னரை அவர் கேட்ட மாதிரி வீட்டில் அவரை யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. ஹைலாவின் ரேடியோவைச் சுவரில் அடித்து உடைத்தவர். கல்லூரி வேண்டாம் என்றவர். மன்னருக்கு எழுதிய மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார், நம் வீட்டில் மனுவே கிடையாது. இருந்தாலும் இருபத்தாறு வருடம். நல்ல சுக்கரி பேரீச்சை கிடைத்தால் முதல் பழம் எனக்குத்தான் கொடுப்பார்.

ஸஃபர் 11

போய் வந்தோம். அவருடைய அண்ணன் ஃபவ்ஸான் வண்டி ஓட்டினார். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், பேசப் பதினைந்து நிமிடம். ஒருத்தருக்கு மட்டும் அனுமதி என்றார்கள். ஹைலா வெயிலில் வண்டியிலேயே இருந்தாள்.

ரொம்ப மெலிந்திருந்தார். தாடியைக் கத்தரித்திருந்தார்கள்.

அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். ஹைலாவிடம் மட்டும் சொன்னேன்.

ஸஃபர் 14

அவர் இறந்துவிட்டார்.

ஸஃபர் 15

இப்படி நடந்தது. நேற்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஃபவ்ஸான் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. மாரடைப்பு என்றார்கள். அங்கேயே குளிப்பாட்டிக் கஃபன் துணி கட்டி வேனில் கொண்டு வந்தார்கள். வேனோடு மூன்று ஜீப். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்துவிட்டது. நாங்கள் பெண்கள், கபுருக்குப் போவதில்லை. வீட்டுக்குள் கொண்டு வந்து காட்டவும் விடவில்லை. ஃபவ்ஸான் மட்டும் முகத்துணியை விலக்கிப் பார்த்தாராம்.

கதவுக்குப் பின்னால் நின்று ஃபவ்ஸானிடம் கேட்டேன். மூத்த மகன் பேரை வைத்துக் கூப்பிடுவதுதான் நம் வழக்கம். "அபூ ஹமத், முகம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு, உம்மு ஸாலிஹ்."

"கழுத்து?"

"முகம் நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்க வேண்டும்.

விதவைக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா. வாசலைத் தாண்டக் கூடாது. எங்கே போகப் போகிறேன்?

ஸாலிஹுக்குச் சொல்லியிருப்பார்களா? யார் சொல்லியிருப்பார்கள், எப்படிச் சொல்லியிருப்பார்கள்?

ஸஃபர் 17

இன்று துக்கத்தின் மூன்றாம் நாள். ஆண்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை என்று ஹைலா சொன்னாள். கேஸட் கேட்டவர்கள் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்களாம். தெருமுனையில் ஜீப் நிற்கிறது, அதைத் தாண்டித்தான் வந்தார்கள்.

அஸருக்குப் பிறகு கூடம் திடீரென்று அமைதியானது. கதவிடுக்கில் பார்த்தேன். மாகாணத்தை ஆளும் அமீரின் ஆள், ஃபைஹான். வெள்ளைத் தாடி, தங்கக் கரை போட்ட மேலங்கி. ஃபவ்ஸான் பக்கத்தில் உட்கார்ந்தார். காப்பி ஊற்றினார்கள். கோப்பையை வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தார்.

நம் ஆட்களுக்கு அது போதும். காப்பியைக் கீழே வைத்தால் வந்தவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, அது கிடைக்காமல் இந்த வீட்டில் அவர் எதையும் குடிக்க மாட்டார். பெண் கேட்க வருகிறவர்கள் அப்படி வைப்பார்கள். கொலைக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறவர்களும் வைப்பார்கள். கோப்பை ஆறினால் வீட்டுக்காரருக்கு அவமானம்.

கூடமே ஃபவ்ஸானைப் பார்த்தது. அவர் கண் கலங்கியிருந்தது. "குடிங்க ஃபைஹான். கேட்டது கிடைச்சாச்சு" என்றார்.

என்ன என்று கேட்காமலே சொன்னார். கேட்டுவிட்டுக் கொடுப்பது கஞ்சத்தனம், நம்மவர்கள் அப்படித்தான்.

ஃபைஹான் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "அல்லாஹ் ஜாருல்லாஹ்வை மன்னிக்கட்டும். கடைசியில அவரு மனம் மாறிட்டாரு. மன்னருக்குக் குடுத்த பைஅத்தில, அந்த விசுவாச வாக்கிலதான் மௌத்தானாரு. கடைசியா அவரைப் பாத்தது அவரு சம்சாரம். அதை அந்தம்மா வாயால சொல்லணும். நாங்க பதிஞ்சுக்கறோம். அவ்வளவுதான் அமீர் கேக்கறது."

பிறகு குரலைத் தாழ்த்தி ஃபவ்ஸானிடம், "ஸாலிஹ் எனக்கும் புள்ள மாதிரிதான்" என்றார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸஃபர் 18

ஃபவ்ஸான் வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"என்னைக் கேக்காம என் வாயை எப்படிக் குடுத்தீங்க?"

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன், உம்மு ஸாலிஹ். மையத்து விழுந்த வீட்டில காப்பியக் கீழ வெச்சா வேற என்ன நெனைக்கிறது? வழக்குப் போடாதீங்கன்னு கேப்பான், சரின்னுடலாம்னு... எந்தக் கோர்ட்டில போடப் போறோம், அது எனக்குத் தெரியாதா?"

"இப்ப முடியாதுன்னு சொல்லுங்க."

"எழுபது பேர் முன்னால குடுத்த வாக்கு."

"உங்க தம்பியும் ஒரு வாக்கு குடுத்தாரு. அதுக்குத்தான் செத்தாரு."

கதவுக்கு அந்தப் பக்கம் அழுகிற சத்தம். அறுபத்தெட்டு வயது மனுஷன். எனக்கு இரக்கம் வரவில்லை. பிறகு வந்தது.

ஹைலா காதில் சொன்னாள். "அவங்ககிட்ட பட்டாளம் இருக்கு, எண்ணெய் இருக்கு, டிவி இருக்கு. அப்பறம் எதுக்கும்மா முதியோர் வகுப்பில எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட உங்ககிட்ட வந்து நிக்கறாங்க?"

ஏனென்றால் ஊர் டிவியை நம்பாது. இந்தத் தர்ஃபா பொய் சொல்ல மாட்டாள் என்று ஊருக்குத் தெரியும்.

ஸஃபர் 20

உம்மு ரய்யான் வந்தாள். அவரைப் பின்பற்றியவர்களின் வீடுகளில் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள். ஒரு தட்டு குர்ஸான் ரொட்டி, அதன் மேல் ஆட்டுக்கறி. தட்டுக்குக் கீழே துணியில் சுற்றிய டேப் ரெக்கார்டர்.

"உம்மு ஸாலிஹ், மார்க்கத்துக்காக உயிர் குடுத்த ஷஹீதுடைய வீடு இது. நீங்க அழக் கூடாது."

அழக்கூடவா அனுமதி கேட்க வேண்டும்?

"அவரு கடைசி மூச்சு வரைக்கும் வளையலைன்னு நீங்க சொல்லணும். சிங்கம் மாதிரி இருந்தாரு, மௌத்தைப் பாத்துச் சிரிச்சாருன்னு. நாங்க கேஸட்டாப் போட்டு நாடு முழுக்க அனுப்பறோம்."

ஹைலா தேநீர் கொண்டு வந்தாள். "உம்மு ரய்யான், பொம்பளை குரல் அன்னிய ஆம்பளை காதில விழறது ஹராம்னு போன ரமலான்ல நீங்கதானே பாடம் எடுத்தீங்க? ஒரு மணி நேரம் எடுத்தீங்க. எனக்குக் கால் மரத்துப் போச்சு."

"நிர்ப்பந்தம் வேற, மகளே."

"ஓ. எனக்கும் கல்லூரிக்குப் போக நிர்ப்பந்தமாத்தான் இருந்துச்சு."

நான் ஹைலாவை அதட்டி உள்ளே அனுப்பினேன். உம்மு ரய்யானிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுந்தவள், "அவங்க கேக்கறதைச் சொல்லிடாதீங்க. அவரை இரண்டாம் தடவை கொன்ன மாதிரி ஆயிடும்" என்றாள். ஸாலிஹ் எப்படி இருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

கறி நன்றாக வெந்திருந்தது. சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

ஸஃபர் 22

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். காவலாளி கொஞ்சம் தள்ளி நின்றான். நான் பேரீச்சை காய்த்ததைச் சொன்னேன், கிணற்று மோட்டார் பழுதானதைச் சொன்னேன். அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தர்ஃபா, அவங்க நீட்டின மன்னிப்புத் தாள்ல நான் கையெழுத்துப் போடலை. போடவும் மாட்டேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

இருபத்தாறு வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நான் என்ன சொல்ல வேண்டும்? "அல்லாஹ் இருக்கான்" என்றேன். இமாமாக இருந்தவரிடம் போய் நான் அதைச் சொன்னேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். நேரம் முடிந்தது.

அவ்வளவுதான். அமீருக்கு இதில் பாதி ஆகாது, உம்மு ரய்யானுக்கு மீதிப் பாதி ஆகாது. முழுசாக வேண்டும் என்று யாரும் வரவில்லை.

ஸஃபர் 24

ஃபைஹான் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளைக்கு வருகிறாராம். நான் பேசினால் ஸாலிஹ் ரமலானுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவானாம். பேசாவிட்டால் என்ன என்று சொல்லி அனுப்பவில்லை. ஒரு மையத்தை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது, இனி என்ன சொல்ல வேண்டும்?

ஹைலா: "வாப்பா போட மாட்டேன்னாரும்மா. உங்ககிட்டச் சொன்ன கடைசி வார்த்தை அது."

"செத்தவருக்கு இனிப் பயம் இல்ல. உள்ள இருக்கவனுக்கு இருக்கு."

"ஸாலிஹ் இதை ஒத்துக்குவானா?"

"உயிரோட வந்து என்னைத் திட்டட்டும்."

ஸஃபர் 25

சொல்லிவிட்டேன்.

கதவை ஒரு சாண் திறந்து வைத்தார்கள். வாசற்படியில் டேப் ரெக்கார்டர். ஃபைஹான், ஒரு எழுத்தர், ஃபவ்ஸான். நான் கதவுக்குப் பின்னால், முகத்திரையோடு. எழுத்தர் ஒரு தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினான். அதில் இருந்ததைப் படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஃபைஹான், "தாளைப் பாக்காமச் சொல்லுங்கம்மா, மனசிலிருந்து வந்த மாதிரி இருக்கணும்" என்றார். இரண்டாம் தடவை பார்க்காமல் சொன்னேன்.

"என் புருஷன் ஜாருல்லாஹ் கடைசியா என்கிட்ட, நான் சொன்னது தப்பு, மன்னருக்குக் குடுத்த வாக்கில இருக்கேன்னு சொன்னாரு. அல்லாஹ் சாட்சி."

அல்லாஹ் சாட்சி என்றும் சொன்னேன். அது தாளில் இருந்தது.

அவர்களுக்குக் காப்பி கொடுத்தார்களாம். குடித்துவிட்டுப் போனார்களாம்.

ஹைலா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ரபீஉல் அவ்வல் 6

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் புது இமாம் என் வார்த்தையை வாசித்துக் காட்டினாராம். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்களாம். கொஞ்சம் பேர் எழுந்து வெளியே போனார்களாம்.

துக்க வீடு, ஆனால் இப்போது யாரும் வருவதில்லை. உம்மு ரய்யானின் தட்டைக் கழுவி அனுப்பினேன். அவள் வீட்டில் வாங்கவில்லை. ஹைலா அதைத் திருப்பிக் கொண்டு வந்து சுவரோரம் வைத்தாள். இன்று பதினோராம் நாளாக அவளும் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. "உப்பு எங்கே" என்று கேட்டேன், எடுத்துக் கையில் வைத்தாள்.

ரபீஉல் ஆகிர் 1

ஸாலிஹ் வரவில்லை.

ரபீஉல் ஆகிர் 20

ஃபவ்ஸான் அமீர் அலுவலகத்துக்குப் போனார். "விடுதலைக்கு எல்லாம் தயார். பையனும் ஒரு தாளில கையெழுத்துப் போடணும், அதுதான் பாக்கி" என்றார்களாம். இதை முதலில் யாரும் சொல்லவில்லையே! என் வாய் போதும் என்றுதானே சொன்னார்கள். பிடிவாதக்காரன், போட மாட்டான். எனக்குத் தெரியும்.

அப்படியானால் நான் எதற்காக—

ஜமாதுல் அவ்வல் 19

வந்துவிட்டான். என் பிள்ளை வந்துவிட்டான்.

காலை பத்து மணிக்கு வாசலில் டாக்ஸி. கதவைத் திறந்த ஹைலா கத்தினாள். ஓடினேன், செருப்புப் போடவில்லை. இத்தாவில் ஓடலாமா கூடாதா, யாருக்கு வேண்டும். எலும்பாக இருக்கிறான். முன்பல் ஒன்று இல்லை. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மூன்று தட்டு சாப்பிட்டான். சாப்பிடும்போது சொன்னான்.

"உங்க குரலைப் போட்டுக் காட்டினாங்கம்மா. ஒரு ரூம்ல உக்கார வெச்சு, ரெண்டு தடவை. முதல்ல நம்பலை. வேற எவளையோ பேச வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நடுவில ஒரு இடத்தில நீங்க இருமினீங்க. அப்ப நம்பினேன்."

நான் கறியை அவன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரு மாசம் யாரோடயும் பேசலை. அப்பறம் போட்டுட்டேன். வாப்பாவே விட்டுட்டாரு, நான் யாருக்காகப் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்?" என்று சிரித்தான். அந்த இடைவெளி தெரிந்தது. "எனக்கு மட்டும் இல்ல. எங்க வரிசையில முப்பது பேர். எல்லாருக்கும் போட்டுக் காட்டினாங்க. பாதிக்கு மேல கையெழுத்துப் போட்டுட்டாங்க."

என் வார்த்தையை ஊருக்காக வாங்கினார்கள் என்று நினைத்தேன். இவனுக்காக வாங்கியிருக்கிறார்கள்.

ஜமாதுல் ஆகிர் 3

சொல்லிவிடலாம் என்று இன்று அவன் அறைக்குப் போனேன். அவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஸாலிஹ், உன் வாப்பா..."

"அவரைப் பத்திப் பேச வேண்டாம்மா. எனக்கு அவர் மேல கோபம் இல்ல. ஊரையெல்லாம் உசுப்பி விட்டாரு, புள்ளைங்க உள்ள போனாங்க, கடைசியில அவரு இறங்கிட்டாரு. என்ன ஒண்ணு, முதல்லயே இறங்கியிருக்கலாம். உயிரோட இருந்திருப்பாரு."

வாய் வரைக்கும் வந்தது. போடலைடா, அவர் போடவே இல்லை. சொன்னால் என்ன ஆகும்? பொய்யைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டோம் என்று தெரிந்தால் இவன் நேராக அமீர் அலுவலகத்துக்குப் போய் அந்தத் தாளைக் கேட்பான். இவன் அவர் பிள்ளை. மறுபடி ஜீப் வரும். மறுபடி ஒரு வேன்.

வெளியே வந்தேன். கதவுக்கு வெளியே ஹைலா நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சொல்லலையா?"

"நீயும் சொல்லக் கூடாது. என் மேல சத்தியம்."

"ஏற்கெனவே ஒரு சத்தியம் பண்ணிட்டீங்களே, அது போதாதா?" என்றாள். ஆனால் சொல்லவில்லை. ராத்திரி வரைக்கும் சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டவள்.

ஜமாதுல் ஆகிர் 24

இத்தா முடிந்தது. குளித்தேன். வேறு துணி உடுத்தினேன். வாசல் வரைக்கும் போய் நின்றேன். எதிர்வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரஜப் 16

ஸாலிஹுக்கு நகராட்சியில் வேலை. ஃபைஹான் ஏற்பாடு. தண்ணீர் இணைப்பு விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறான். மாலையில் வந்து டிவி பார்க்கிறான். டிவி வாங்கியிருக்கிறான். ஹைலா கல்லூரியில் சேர அவன்தான் கையெழுத்துப் போட்டான். காப்பாளர் என்ற இடத்தில் அவன் பேர்.

அவள் சந்தோஷப்பட்டாள், பிறகு அதற்காக அழுதாள்.

ஷவ்வால் 22

ஸாலிஹ் கல்யாணம் முடிந்தது. பெண் ரீமா, அடக்கமானவள். பழைய ஆட்கள் யாரும் வரவில்லை. ஃபவ்ஸான் வந்தார், உடம்பு முடியவில்லை, சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். ஃபைஹான் காப்பி குடித்த அந்த நாளுக்குப் பிறகு அவர் யாருடைய வீட்டிலும் காப்பியை வாங்குவதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்.

ஷஃபான் 8, 1417

ரீமாவுக்கு ஆண் குழந்தை பிறந்து இன்று ஏழாம் நாள். இரண்டு ஆடு அறுத்தோம். குழந்தைக்கு அவருடைய நெற்றி, அந்தச் சுருக்கம்கூட அப்படியே இருக்கிறது.

நம்மிடம் மூத்த பையனுக்கு வாப்பாவின் வாப்பா பேர்தான். கேட்கவே வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸாலிஹை அவன் கூட்டாளிகள் அபூ ஜாருல்லாஹ், ஜாருல்லாஹ்வின் வாப்பா, என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபவ்ஸான் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, குழந்தை காதில் பாங்கு சொல்லிவிட்டு, "ஜாருல்லாஹ்" என்று கூப்பிடப் போனார்.

"ரயித்" என்றான் ஸாலிஹ். "ரயித்னு வெச்சிருக்கோம் பெரிய வாப்பா."

ஸாலிஹ் என் பக்கம் திரும்பினான். குரல் மென்மையாகத்தான் இருந்தது. "அந்தப் பேரோட போனா ஒவ்வொரு கவுண்டர்லயும் இவனை நிறுத்திக் கேப்பாங்கம்மா. அதோட... அந்தப் பேரை வெச்சுப் பெருமைப்பட என்ன இருக்கு?"

ஹைலா என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குழந்தையைக் கையில் வாங்கினேன். கனமாக இருந்தான்.

"நல்ல பேர்" என்றேன்.